மார்க்கர்களோடு ஆடிய ஒரே ஆட்டம்

நாகர்கோவிலில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்தும்போது, “மார்க்கர்களைத் தோற்கடித்த ஆள் இவர்தான்” என்கிறார்கள். இல்லை என்றால் அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. நடந்ததை எழுதிவிட்டாலாவது இந்தத் தொல்லை விடுமா என்று பார்க்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். வக்கீல்களும் டாக்டர்களும் தோட்ட முதலாளிகளும் மாலையில் கூடும் கிளப் ஒன்று ஊரில் இருந்தது. ஒரு சீட்டாட்ட அறை, பின்னால் செம்மண்ணை இடித்துச் சாணம் மெழுகிய டென்னிஸ் கோர்ட், அவ்வளவுதான் கிளப். சம்பளத்துக்கு ஆட இரண்டு மார்க்கர்கள் இருந்தார்கள். ஒருவர் கருங்கல்காரர், மற்றவர் கொட்டாரத்துக்காரர். இருவருக்கும் ஐம்பதை ஒட்டிய வயது. ஆள் குறைந்தால் எதிரே நின்று ஆடுவதும், எண்ணிக்கை கூவுவதும், கோர்ட்டைப் பராமரிப்பதும் அவர்கள் வேலை. ஜெயிப்பது அவர்கள் வேலை இல்லை. தொப்பை வக்கீலும் ஓடாமல் அடிக்கிற மாதிரி பந்தை அவர் இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அவர் அடித்தது கோட்டுக்குச் சற்று வெளியே விழுந்தாலும், “குட் ஷாட், சார்!” என்று கூவ வேண்டும். யாரும் எழுதி வைக்காத சட்டம் அது.

அப்பா அங்கே மெம்பர். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நானும் என் தாய்மாமன் மகனும் அங்கேதான் ஆடப் பழகினோம். மார்க்கர்களை அநேகமாக தினமும் தோற்கடித்தோம். ஊர் எங்களைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அந்த மிதப்பில் திருவனந்தபுரத்துக்கு ஒரு பந்தயத்துக்குப் போனோம். முதல் ஆட்டத்திலேயே முன்பின் தெரியாத இரண்டு பையன்கள் எங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். “வெயிலு ஒத்துக்கல்ல மக்கா” என்றான் மாமன் மகன். வெயிலாவது மண்ணாவது. திரும்பும்போது மார்த்தாண்டத்தில் பஸ் நின்றது. அவன் இறங்கிப் பழம் வாங்கித் தின்றான். நான் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் ஆட்டக்காரனா, இல்லை இரண்டு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு என்னை ஆட்டக்காரனாக்கி வைத்திருக்கிறார்களா? அது தெரிந்தாக வேண்டும் எனக்கு.

அடுத்து மதராஸில் ஒரு பந்தயம் வந்தது. மார்க்கர்கள் உண்மையாக ஆடி, அவர்களை நான் ஜெயித்தால் மதராஸ் போவது. இல்லையென்றால் டென்னிஸ் மட்டையைப் பரணில் போட்டுவிட்டு அப்பா சொல்கிறபடி சட்டம் படிக்கப் போவது என்று முடிவு செய்தேன். கிளப் செக்ரட்டரியான டாக்டரிடம் கேட்டேன். பழகுவதற்கு ஆடலாமே தவிர, மெம்பர் வீட்டுப் பிள்ளைகளோடு மார்க்கர்கள் போட்டி ஆடுவது வழக்கமில்லை. அவர் யோசித்துவிட்டு, ஒரே ஒரு காலைக்கு அனுமதி கொடுத்தார். வெளியாள் கூடாது என்றும் சொன்னார். அன்று காலையில் பார்த்தால் மதில் முழுக்கத் தலைகள்.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கிளம்புவதற்கு முன்பே, நானும் மாமன் மகனும் ஒரு பக்கம், மார்க்கர்கள் இருவரும் மறுபக்கமுமாக ஆரம்பித்தோம். முதல் செட் ஆறுக்கு இரண்டில் எங்களுக்கு. மதில்மேல் ஒரே கைதட்டல். எனக்கோ வயிற்றெரிச்சல். ஒவ்வொரு பந்தும் வழக்கம்போல என் கையைத் தேடி வந்துகொண்டிருந்தது. வலையருகே போய் நின்றேன்.

“அண்ணாச்சி, இப்பிடித் தந்துகிட்டே இருந்தா நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்.”

கருங்கல்காரர் முகம் சுண்டிவிட்டது. “தரப்பிடாதுன்னு தான் தம்பி நெனைக்கேன். கையி கேக்கமாட்டேங்கு.”

கொட்டாரத்துக்காரர் அவர் தோளைத் தட்டினார். “ஏலே, நீ ஆளப் பாக்காத. ஆளு இல்லாத எடத்தப் பாரு.”

பிறகுதான் கருங்கல்காரரின் ஆட்டத்தைப் பார்த்தேன். நான் முன்னே வந்தால் பந்து என் தலைக்கு மேலே போய்க் கோட்டில் விழுந்தது. பின்னே போனால் வலையை ஒட்டிச் செத்து விழுந்தது. இத்தனை வருஷமும் இதையா இவர் ஒளித்து வைத்திருந்தார்? இரண்டாவது செட் அவர்களுக்கு. மூச்சு வாங்க, முழங்கால் சிராய்த்து நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் இருந்ததே இல்லை. மாமன் மகன் முறைத்தான். “தோக்கோம், பல்ல இளிக்கியா?”

மூன்றாவது செட் இழுபறி. ஐந்துக்கு நான்கில் நாங்கள் முன்னால் இருந்தோம். அந்த ஆட்டத்திலும் டியூஸ் வந்து, அட்வான்டேஜ் எங்களுக்குக் கிடைத்தது. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஜெயம். உயிரைக் கொடுத்துக் கோட்டோரமாக அடித்தேன். பந்து வெளியே விழுந்தது. இரண்டு விரல்கடை இருக்கும். சுண்ணாம்பு கொஞ்சமும் பறக்கவில்லை. அடுத்த புள்ளிக்கு நான் திரும்பி நடக்கத் தொடங்கியபோது, கருங்கல்காரர் கணீரென்று கூவினார்.

“குட் ஷாட், சார்!”

மதில் அதிர்ந்தது. “ஏலே, என்னலே செய்தே!” என்று கொட்டாரத்துக்காரர் போட்ட சத்தம் அந்த ஆரவாரத்தில் அமுங்கிப் போனது. கருங்கல்காரர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். “அறிஞ்சு செய்யல்ல. வாயி அதுவாட்டு கூவிட்டுது.”

நான் ஓடிப்போய்த் தடத்தைக் காட்டினேன். பந்து வெளியே, மறுபடி டியூஸ், ஆடலாம் என்று கத்தினேன். டாக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். “பெருந்தன்மையான பிள்ளை” என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். “ஆனா மார்க்கர் கூவினா கூவினதுதான். கிளப் சட்டம்.” அதற்குள் மாமன் மகனைத் தோளில் தூக்கிவிட்டார்கள். இன்னொரு நாள் ஆட விடுங்கள் என்று கெஞ்சினேன். அனுமதி ஒரு காலைக்குத்தானே என்றார் டாக்டர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதையும் ஜெயித்த சந்தோஷம் என்றே சொன்னார்கள்.

மதராஸுக்கு மாமன் மகன் வேறு ஜோடியோடு போனான். நான் போகவில்லை.

ஆட்டம் நடந்த அன்று மாலையே, மெம்பர்கள் வருவதற்கு முன் கிளப்புக்குப் போனேன். கருங்கல்காரர் தனியாகக் குனிந்து கோட்டுக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“அண்ணாச்சி, வெளியேன்னு கூவியிருந்தா, கடைசியில யாரு ஜெயிச்சிருப்பாங்க?”

“அறியாது தம்பி” என்றார். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். கையில் காய்ந்திருந்த சுண்ணாம்பைத் தேய்த்து உதிர்த்துக்கொண்டே நின்றார்.

“சின்ன வயசுலயிருந்து பந்து களிக்கேன். நம்மளால ஜெயிக்க ஒக்குமா, ஒக்காதான்னு எனக்கும் அறியணும்னு இருந்துது.”