காரணம் கேட்காத சார்ட்டுகள்

சார்ட்டைப் பார்த்தால் சும்மா இருக்கத் தெரிந்த ஒருவரைக் கட்டியிருந்தால், அந்த ஆங்கிலத் தேர்வில் நான் முதல் தடவையே தேறியிருப்பேன். அப்புறம் அந்த மாலைகள் எனக்குக் கிடைத்திருக்காது. கடல் தாண்டி வந்துவிட்ட இந்த ஊரில், டியூட்டி முடிந்து அறைக்குத் திரும்பும்போதெல்லாம் நாங்கள் குடியிருந்த தொம்மலூர் வீட்டின் சமையலறைதான் கண்ணுக்குள் நிற்கிறது. ரொம்பவே ஏங்குகிறேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

நான் நர்ஸ். என் கணவருக்கு ஊரின் இன்னொரு கோடியில், பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் உதிரிபாகங்களின் தரம் பார்க்கும் வேலை. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று என்னைத் தேர்ந்தெடுத்திருந்தது. தேர்வில் அவர்கள் கேட்ட மதிப்பெண் வந்துவிட்டால் கிளம்பலாம், ஆனால் முதலில் நான் மட்டும்தான். அவர் எப்போது வரலாம் என்று கேட்டதற்கு ஏஜென்ட், "பாக்கலாம் மேடம்" என்றார். கல்யாணமானதிலிருந்து நாங்கள் சேர்ந்தாற்போல் ஒரு வாரம்கூடப் பிரிந்து இருந்ததில்லை.

படிப்பது, கேட்பது, பேசுவது எல்லாம் சமாளித்துவிட்டேன். எழுதுவதில்தான் வந்தது வினை. ஒரு சார்ட்டையோ அட்டவணையையோ கொடுத்து, அதில் உள்ளதை விவரித்து ஒப்பிடச் சொல்வார்கள். எந்த நாட்டில் எத்தனை பேர் தனியாக வாழ்கிறார்கள், யார் வீட்டில் கார் இருக்கிறது, இப்படி ஊர் உலகத்துச் சமாசாரம்.

"சார்ட்டுதானே? அது என் ஏரியா, விடு" என்றார் அவர். மெஜஸ்டிக்கில் மெட்ரோ மாறி, கூட்டத்தில் நசுங்கி வீட்டுக்கு வந்ததும், முகத்தைக் கழுவிவிட்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிடுவார். நான் சப்பாத்தி தேய்க்க, அவர் பயிற்சிப் புத்தகத்தைப் பிரிப்பார்.

அவருடைய தொழிற்சாலையில் தினமும் காலையில் ஒரு பலகைக்கு முன்னால் கூடுவார்கள். முந்தைய நாள் கழித்துப்போட்ட உதிரிபாகங்களின் சார்ட் அதில் இருக்கும். எந்தப் பட்டை உயர்ந்திருந்தாலும் அதற்கு எதிரே மூன்று விஷயங்கள் எழுதியாக வேண்டும்: என்ன காரணம், என்ன செய்யப்போகிறோம், யார் பொறுப்பு. அதையே எனக்கும் சொல்லிக்கொடுத்தார். தனியாக வாழும் முதியவர்களின் கோடு ஏறுகிறதா? பிள்ளைகள் வெளியூர் போனது காரணம். வாரம் ஒருமுறை போன் செய்வது நடவடிக்கை. மூத்த மகன் பொறுப்பு.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. வார்டில் காய்ச்சல் சார்ட் ஏறினால் டாக்டரைக் கூப்பிடாமல், 'கோடு ஏறுகிறது' என்று வர்ணித்துக்கொண்டா நிற்பேன்? இரண்டு பேரும் நன்றாகத்தான் ஜோடி சேர்ந்திருந்தோம்.

தேர்வுக்கான பயிற்சி வகுப்பு ஒரு பேக்கரிக்கு மேலே நடந்தது. பாடம் எடுத்தவர் கன்டோன்மென்ட் பக்கத்திலிருந்து வரும், பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். என் விடைத்தாளைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்கள யாரும்மா ரீசன் கேட்டது? எது ஜாஸ்தி, எது கம்மி, எது எத தாண்டிப் போச்சு. கண்ணுக்குத் தெரியறத மட்டும் எழுதுங்க. யாரு இந்த மூத்த மகன்?"

வகுப்பே சிரித்தது. வீட்டில் வந்து சொன்னால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "காரணம் இல்லாம எதுக்கு சார்ட் போடணும்? எங்க லைன்ல இப்படி சொன்னா கன்னடத்துல, தமிழ்ல, ரெண்டுலயும் வாங்கிக் கட்டிக்கணும்."

முதல் தேர்வில் பழக்கதோஷத்தில் கை தானாகவே காரணங்களை எழுதிவிட்டது. போயிற்று. இரண்டாம் தேர்வில் ஜாக்கிரதையாகத்தான் ஆரம்பித்தேன். வந்ததோ ஆண்களும் பெண்களும் வீட்டு வேலைக்குச் செலவிடும் நேரம். ஆண்களின் பட்டை இருந்த லட்சணத்தைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பத்தி முழுக்க வெளுத்து வாங்கிவிட்டேன். அதுவும் போயிற்று.

"அந்த சார்ட்ல நான் எங்க இருப்பேன்?" என்று கேட்டார்.

"உங்களுக்கு இன்னும் பட்டையே முளைக்கல" என்றேன்.

அதன்பிறகுதான் அந்த விதியை வைத்தோம். 'ஏன்னா' என்று யார் வாயில் வந்தாலும் அன்று பாத்திரம் அவர்கள் பொறுப்பு. அவருக்கு அது வராத நாளே இல்லை. பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "நேத்தவிட இன்னிக்கு பாத்திரம் கணிசமா உயர்ந்திருக்கு. மாறாக, உதவிக்கு வர்றவங்க எண்ணிக்கை நிலையா இருக்கு" என்பார். மார்க்கெட்டில் கத்தரிக்காயையும் வெண்டைக்காயையும் ஒப்பிடுவோம். பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களையும் நிற்பவர்களையும் ஒப்பிடுவோம். இவ்வளவு சிரித்துக்கொண்டு நாங்கள் வேறெந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மனசுக்குள் எனக்கு ஓர் ஓரத்தில் பயமும் இருந்தது. ஒவ்வொரு நல்ல விடையும் என்னை அந்தச் சமையலறையிலிருந்து கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோகிறது என்று தெரியும்.

மூன்றாவது தடவை அட்டவணை வந்தது. கூடியது, குறைந்தது, தாண்டியது என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்தேன்.

முடிவு வந்தபோது நான் மருத்துவமனைக் கேன்டீனில் இருந்தேன். கேட்ட மதிப்பெண் வந்திருந்தது. போனில் சொன்னதும் இயந்திரச் சத்தத்தையும் மீறி அவர் கத்தினது கேட்டது. என் மனைவி பாஸாகிவிட்டாள் என்று கன்னடத்தில் யாரிடமோ சொன்னார். நாலைந்து பேர் கைதட்டினார்கள்.

அன்று மாலை சீக்கிரமே வந்துவிட்டார். ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு சொல்றேன், திட்டக்கூடாது."

"சொல்லுங்க."

"ரெண்டு வாட்டி உனக்குப் போனப்ப ஆறுதல் சொன்னேன் இல்ல? உள்ளுக்குள்ள எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"எனக்கும்தாங்க."

பிறகு என் போனை வாங்கி, ஏஜென்டுக்கு அனுப்ப வேண்டிய பதிலை அவரே தட்டச்சு செய்து காட்டினார். வேலையில் சேரச் சம்மதம் என்று இருந்தது.

"அனுப்பட்டுமா?"

சரி என்று தலையை ஆட்டினேன். அவர் அனுப்பினார்.

நான் இங்கே வந்துவிட்டேன். அவருக்கு விசா இன்னும் வரவில்லை.