முயலுக்குச் சுகம்

முயல் குரல் எழுப்பாத பிராணி. பயந்தால் பின்னங்காலால் பலகையில் அடிக்கும் என்பார்கள். தொம், சற்றுப் பொறுத்து, தொம். மன்னாரில் நான் வேலை பார்த்த பல் வைத்தியசாலையின் பின் விறாந்தையில் கேட்ட அந்தச் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பல்வலிக்காரரைக் கவனிக்குமுன் முயலைக் கவனிப்பதுதான் எங்கள் தொழில். சொத்தைப் பல்லோடு விடியும்வரை விழித்திருந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

முதலில் முயல்

சொத்தைப் பல்லின் வேருக்குள் அடைக்க டொக்டர் ஒரு மருந்துப் பசை கூட்டியிருந்தார். கராம்பு எண்ணெய் மணக்கும். தசை அதை ஏற்குமா என்று அறிய, முயலின் முதுகுத் தோலைக் கீறி, ஒரு பயறளவு பசையை உள்ளே வைத்துத் தைப்போம். வாரக்கணக்கில் காத்திருந்து திறந்து பார்ப்போம். சுற்றியுள்ள தசை அமைதியாக இருந்தால் பசை நல்லது. சீழ் கட்டியிருந்தால் கெட்டது.

அப்போதுதான் எருக்கலம்பிட்டிக் காசிம் நானா வந்தார். முத்துக் குளிக்கிறவர். கன வருடத்துக்குப் பிறகு வெள்ளைக்கார அரசாங்கம் முத்துக்குளிப்புக்கு அறிவித்திருந்தது. ஆழத்தில் இறங்கினால் தன் சொத்தைப் பல் மண்டையைப் பிளக்கும் என்றார். பிடுங்கிவிடலாம், புண் ஆறக் காலம் இருக்கிறது என்றேன். அந்தப் பக்கம் மெல்லுவதற்கு மிச்சம் அது ஒன்றுதான் என்று அவர் கெஞ்சினார். பசை சரிவந்தால் பல்லையே காப்பாற்றலாம் என்றார் டொக்டர். அப்படியென்றால் இன்றைக்கே வையுங்கோ என்று காசிம் நானா வாயைத் திறந்தார். டொக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "முயலில பிழைச்சா இன்னொரு முயல் இருக்கு. உங்களுக்கு இன்னொரு வாய் இல்லை, நானா."

முருங்கையிலை

அதன்பிறகு கடைத்தெருவுக்கு வரும்போதெல்லாம் அவர் முருங்கையிலையோடு பின் விறாந்தைக்கு வந்துவிடுவார். கன்னத்தில் கராம்பை அடக்கிக்கொண்டு முயல் பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்து, நோயாளியைப் பார்க்க வந்த உறவினரைப் போல விசாரிப்பார். தின்றதா, தூங்கியதா, தையல் காய்ந்ததா? முயலுக்குச் சுகம் என்பேன். பொய்யில்லை, தையல் ஆறி, மேலே மயிர்கூட முளைத்திருந்தது. ஒருநாள் அதன் காதைத் தடவிக்கொண்டே சொன்னார்: "உன்ட முதுகு நல்லா இருந்தாத்தான் என்ட வீட்டு அடுப்பு எரியும், வாப்பா. கவனமா இரு."

பார்க்கும் நாள்

முயலைக் கொன்றுதான் உள்ளே பார்க்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியவந்தது. டொக்டருக்கு உதவியாக நின்ற என்னை எல்லோரும் மிஸி என்பார்கள். வெளியே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது என்று நான் விளக்கிக்கொண்டே போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "சுகமா இருந்ததையுமா, மிஸி?"

உள்ளே

தோலுக்குக் கீழே, பசையைச் சுற்றிச் சீழ் கட்டியிருந்தது. டொக்டர் பசையைக் கிண்ணத்தோடு குப்பையில் போட்டார். இனிப் பல்லைப் பிடுங்குவதுதான் வழி. ஆனால் புண் ஆறுவதற்குள் முத்துக்குளிப்பு முடிந்துவிடும். முதல் நாளே பிடுங்கியிருந்தால் இதற்குள் ஆறியிருக்கும்.

காசிம் நானா கதிரையில் சாய்ந்தார். பல் சுலபமாக வந்துவிட்டது. இரத்தத்தைத் துப்பிவிட்டு, கதவு வழியே விறாந்தையிலிருந்த வெறும் பெட்டியைப் பார்த்துச் சொன்னார்: "அதுவும் பாவம், நோகுதெண்டு சொல்லத் தெரியாம இருந்திருக்கு."

கெட்ட மருந்து ஒரு துளியும் அவர் வாயில் படாமல் காப்பாற்றிவிட்டோம். வள்ளங்கள் அவரில்லாமல் போய் வந்தன, பிறகு முத்துக்குளிப்புக்கு அறிவிப்பே வரவில்லை, காசிம் நானா சாகும்வரை தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை சுமந்து அங்கேயே மௌத்தானார்.