புத்தக அலமாரிக்குப் பின்னால்

காலியான பிளாஸ்டிக் பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி, நீளப் பலகைமேல் வரிசையாக நெருக்கி வைக்கிறார் டெல்மர். வரிசைக்கு முன்னால், துப்பாக்கிக் குண்டைத் தாங்குமா என்று பார்க்க இந்த வாரத்துப் பொருள். பின்னால் செம்மண் மேடு. பொருளைத் துளைத்த குண்டு எத்தனை கேன் தூரம் போகிறது என்று எண்ணுவதுதான் அவருடைய சனிக்கிழமைக் காலை. ஒக்லஹோமாக் காற்றில் முக்காலி ஆட, அதில் மாட்டிய செல்பேசி எல்லாவற்றையும் படம் பிடிக்கிறது.

முப்பது வருடம் வீடுகளுக்குக் கூரை போட்டவர். சுட்டதும் ஓடிப் போய்ப் பார்க்கமாட்டார். காதடைப்பானைக் கழற்றி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஏற்கெனவே தெரிந்த சேதியைக் கேட்கப் போகிறவர்போல நடப்பார். கார்க் கதவு, சோபா, சாப்பாட்டு மேசை. "போச்சு. இதுவும் நிக்கல" என்பார் செல்பேசியிடம். வார்ப்பிரும்பு வாணலி இரண்டாகப் பிளந்தது.

மாட்டுத்தீவனக் கடை ரஸ்டிக்கு இதெல்லாம் வேடிக்கை. "எங்க மாமியார் செஞ்ச இறைச்சிக் கட்டியைக் கொண்டாரட்டா அண்ணே? பீரங்கிக் குண்டே திரும்பிப் போயிடும்."

"இருபது வருசமா அதைத் தின்னுட்டு நிக்கிறியே, உன்னை வெச்சுப் பாத்தா என்னடா?" சொல்லும்போதும் சிரிக்கமாட்டார்.

சோதிக்காமல் தள்ளிப்போட்டது ஒன்றே ஒன்றுதான். மகள் ஷெல்பி இரண்டாம் வகுப்பு ஆசிரியை. துப்பாக்கிக்காரன் வந்தால் எப்படி ஒளிவது என்று பள்ளியில் பயிற்சி நடக்கும். விளக்கை அணைத்துவிட்டு, குட்டையான புத்தக அலமாரிக்குப் பின்னால் பிள்ளைகள் உட்கார வேண்டும். அதேபோல் கழித்துப் போட்ட அலமாரி ஒன்றைப் புத்தகங்களோடு கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று சனிக்கிழமை அது கொட்டகையிலேயே கிடந்தது. காற்று என்றார். கேன் இல்லை என்றார். தோட்டா தீர்ந்துவிட்டது என்றார்.

நாலாவது சனிக்கிழமை அவளே வந்து கேன்களை நிரப்பினாள்.

"மழை வரும்போல இருக்கும்மா."

"எங்கே, ஒரு மேகம் காட்டுங்க பாப்போம்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

"நிக்கலைன்னா இடத்தை மாத்தச் சொல்லிச் சண்டை போடுவேன். தெரியாமலே 'இங்க உக்காருங்க, பத்திரம்'னு இருபத்திரண்டு பேர்கிட்டயும் சொல்ல முடியலப்பா."

அன்றைக்கு முக்காலியை அவர் எடுக்கவில்லை. ஒரே ஒரு குண்டு. டைனோசர் புத்தகத்துக்குள் நுழைந்து, அலமாரியின் முதுகுத் தட்டியைக் கிழித்து, மூன்று கேன்களைக் காலி செய்திருந்தது.

"எத்தனை?" என்றாள், நின்ற இடத்திலிருந்தே.

அவர் கேன்களையும் பலகையையும் ஒதுக்கிவிட்டு அலமாரிக்குப் பின்னால் போனார். ஈரச் சேற்றிலேயே உட்கார்ந்து, முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, ஒரு பிள்ளையின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்தினார். துளை நெற்றிக்கு நேராக இருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.