வெங்காயக் கூடையில் லில்லி

நேற்று சிவாஜிநகர் பூக்கடையில் வெள்ளை லில்லி வாசனை வந்ததும் என் கை தானாகப் பையை இறுக்கிக்கொண்டது. அந்த வாசனையோடு சந்தேகத்தையும் சேர்த்தே அம்மா எனக்குப் பழக்கியிருந்தாள்.

ஆஸ்டின் டவுனில், இன்று அபார்ட்மென்ட் நிற்கிற இடத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீட்டின் பின்பக்கம், ஒரே ஒரு கிழங்கில் ஆரம்பித்து ஐந்தாறு வருஷத்தில் ஒரு பாத்தி நிறைய லில்லி வளர்த்திருந்தாள் அம்மா. வாசனை மதில் தாண்டிப் போவதுகூட அவளுக்குப் பிடிக்காது. பூ முடிந்ததும் கிழங்குகளைத் தோண்டி, மண்ணைத் தட்டி, வெங்காயத்தைப் போலவே காய்ந்த தோலும் உருண்டையுமாக இருந்ததால் சமையலறைக் கூடையில் வெங்காயத்துக்கு அடியில் ஒளித்துவைப்பாள். தெருவில் அத்தனை பேரும் அவளுக்குத் திருடர்கள்தான்.

அம்மா இல்லாத ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டு ரீட்டா ஆன்ட்டி வந்து, "ரெண்டு வெங்காயம் குடு கண்ணு, நாளைக்குத் தரேன்" என்றார். பெரிய வெங்காயமாகக் கொடுப்போமே என்று அடியில் துழாவி இரண்டு எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் சொன்னபடி இரண்டு வெங்காயம் திரும்பி வந்தது.

அடுத்த வருஷம் மதிலுக்கு அந்தப் பக்கம் லில்லி பூத்தது.

"என் கிழங்கு உன் மண்ணுக்கு எப்படி வந்துச்சு ரீட்டா?" என்று அம்மா கத்தினாள். ஆன்ட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஆண்டவர் குடுத்தாரு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்கப்புறம் இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அன்று ஆன்ட்டி காப்பாற்றியது என்னையா, கிழங்கையா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.