லஸ்கர் கேட்ட ஐயா குரல்

நிலம் என் பேரில்தான் இருக்கிறது. ஆனால் தண்ணீர் வரவில்லையென்று நான் போன் செய்தால், மதகு திறக்கும் லஸ்கர், "ஐயாகிட்டக் குடுங்கம்மா" என்பார். இருபது வருஷமாக இதே பதில்.

நாற்று காய்கிறது. இன்று காலை புது நம்பரிலிருந்து கூப்பிட்டு, "கடைமடைக்கு இன்னும் தண்ணி வரல" என்றேன்.

"மன்னிச்சுக்குங்கய்யா, இப்பவே தொறந்துடுறேன்."

மாதவிடாய் நின்றபின் பெண்களுக்குக் குரல்நாண் தடித்துக் குரல் இறங்குமாம். வயதான ஆண்களுக்கு அது மெலிந்து குரல் ஏறுமாம். போன மாதம் டாக்டர் சொன்னார்.

மதியம் தண்ணீர் வந்துவிட்டது. நன்றி சொல்ல என் வீட்டுக்காரர் அதே போனில் பேசினார்.

"அதான் காலையிலயே ஐயாகிட்ட சொல்லிட்டேனேம்மா" என்றார் லஸ்கர்.

வீட்டுக்காரர் போனை என்னிடமே நீட்டிவிட்டார்.

தாலுகா ஆபீசில் யாருக்காவது வேலை இழுத்துக்கொண்டு கிடந்தால் சொல்லுங்கள். ஐயா பேசுகிறேன்.