பிசிர் பார்க்கும் விரல்கள்

ஓசூர் எல்லையில், ஜூஜுவாடி செக்போஸ்ட்டில் லாரிகள் நின்றுவிட்டால் அவ்வளவுதான். அன்று எங்கள் கம்பெனி பஸ்ஸும் அவற்றின் பின்னால் மாட்டிக்கொண்டது. ஒன்பதரைக்கு மேனேஜர் அறையில் கூட்டம். பரிசோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணின் வேலை நிரந்தரமா, இல்லை வீட்டுக்கு அனுப்புவதா என்று அங்கே முடிவாகும். மணி ஒன்பது இருபது. அவள் வேலையைக் கெடுத்தவள் நான்தான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது இது. கணவரின் வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கர்நாடக எல்லைக்குள் இருக்கும் அத்திப்பள்ளிக்குக் குடிவந்து, தபால் வழியில் மனநல ஆலோசனை படித்து, ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வாரம் இரண்டு நாள் ஆலோசகராகச் சேர்ந்திருந்தேன். முதலுதவி அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி. குடிக்கிற கணவன், தூங்காத ஷிப்டு என்று வருபவர்களிடம் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு தைரியம் வந்திருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவேன் என்கிற தைரியம். இப்போது நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

அவளை அழைத்து வந்தவர் சூப்பர்வைசர், தருமபுரிக்காரர். "வேலையெல்லாம் சுத்தம்ங்க மேடம். ஆனா பாக்கறவங்களுக்கு ஒரு மாதிரியா இருக்குது. அடுத்த மாசம் வண்டி கம்பெனிக்காரங்க ஆய்வுக்கு வராங்க. அதுக்குள்ள கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

அவளுக்கு இருபத்தொரு வயது. நாட்றாம்பாளையத்துக்காரி. பிரேக்கில் போடும் சின்ன எஃகு வளையங்களைப் பரிசோதிப்பது அவள் வேலை. ஓரத்தில் பிசிர், அதாவது முள் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்கு, இருந்தால் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு, மெல்ல முனகிக்கொண்டு, ஒவ்வொரு வளையத்தையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி உருட்டிப் பார்ப்பாள். யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். என்னிடம் அவள் சொந்த விஷயமாகச் சொன்னது ஒன்றே ஒன்றுதான்.

"வேலை போச்சுன்னா ஊர்ல கல்யாணம் கட்டி வெச்சுருவாங்க. எனக்கு இங்க இருக்கணும்."

நான்கு வாரம் பழக்கினேன். நிமிர்ந்து உட்கார், ஆடாதே, முனகாதே, வளையத்தை உருட்டாமல் கண்ணால் பார், யாராவது பேசினால் புருவத்தின் நடுவில் பார். எனக்கு இதெல்லாம் அத்துப்படி. சின்ன வயதில் நானும் விரல்களைப் பின்னிக்கொண்டே இருப்பேன். கல்யாண வீடுகளில் அம்மா தொடையில் கிள்ளுவாள். பள்ளியில் ஒரு டீச்சர் கைக்குட்டையால் என் கையைக் கட்டிப்போட்டார். பத்து வயதில் ஒரு வழி கண்டுபிடித்தேன்: டானிக் பாட்டிலின் தகர மூடி ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே இருப்பது. அந்த மூடி அப்போதும் என் கைப்பையில்தான் இருந்தது; என் கணவருக்குக்கூட அது தெரியாது. நான் பிழைத்த வழியைத்தானே அவளுக்கும் சொல்லித்தருகிறேன் என்று நினைத்தேன்.

ஆய்வு நாளன்று அவள் சிலையாக உட்கார்ந்திருந்தாள். சூப்பர்வைசர் எனக்கு மைசூர்பாகு வாங்கி வந்தார். அதற்கு மூன்றாவது வாரம் ஒரு லோடு வளையங்கள் திரும்பி வந்தன. பிசிர், பிசிர், பிசிர். எல்லாம் அவள் மேசையைத் தாண்டிப் போனவை. கேட்டதும் எனக்கு உறைத்துவிட்டது. அவள் பிசிர் பார்த்தது கண்ணால் அல்ல. அந்த விரல்களால், அந்த ஆட்டத்தால், அந்த முனகலால். மூன்றையும் நான் பிடுங்கிவிட்டேன்.

கூட்டத்தன்று பஸ் ஒருவழியாக வந்து சேர, பத்து மணிக்கு மூச்சிரைக்க மேனேஜர் அறைக்குள் போனேன். மேனேஜர் பெங்களூர்க்காரர், கன்னடம் கலந்த தமிழ் பேசுவார். மேசையில் ஒரு தட்டு நிறையத் திரும்பி வந்த வளையங்கள். அவள் கைகளை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், நான் பழக்கியபடியே.

"சார், தப்பு அவளோடது இல்ல. நான் அவ கையை நிறுத்திட்டேன்," என்றேன். "அவ பாணியில ஒரு தடவை பாக்கச் சொல்லுங்க."

மேனேஜர் தட்டை அவள் பக்கம் தள்ளினார். "மாடும்மா," என்று கன்னடத்தில் சொன்னவர், "உன் இஷ்டம் மாதிரி செய்," என்றார்.

அவள் அசையவில்லை. நான் சொல்லியும் அசையவில்லை. இத்தோடு முடிந்தது, இவளை ஊருக்கு அனுப்பிவிட்டோம் என்று நினைத்தேன். கை தானாகப் பைக்குள் போனது.

"ஆளுங்க பாக்கறப்ப செய்யக் கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க," என்றாள், தட்டைப் பார்த்தபடி. "மேடம் பைக்குள்ள செய்வாங்க. எனக்குப் பை இல்ல."

அறையில் இருந்த மேனேஜரும் சூப்பர்வைசரும் என் பையைப் பார்த்தார்கள். முகம் சுட்டது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது. ஆனால் ஓடினால் அவள் கதி என்ன? மூடியை வெளியே எடுத்தேன். "பத்து வயசுல இருந்து செய்யறேன்," என்று சொல்லி, மேனேஜர் எதிரிலேயே அதைத் தடவ ஆரம்பித்தேன். இரண்டு தடவை கை நழுவிக் கீழே விழுந்தது. எடுத்து மறுபடியும் தடவினேன்.

கொஞ்ச நேரத்தில் முனகல் கேட்டது. அவள் ஆட ஆரம்பித்திருந்தாள். வளையங்கள் ஒவ்வொன்றாகப் பிசிர் உள்ளவை, இல்லாதவை என்று பிரிந்தன. சூப்பர்வைசர் லென்ஸை வைத்துப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"நீ உன் மாதிரியே வேலை பாரம்மா," என்றார் மேனேஜர். பேனாவை எடுத்து நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போட்டார். என்னை அவர் கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் நியாயம்தான்.

மூளைகள் பலவிதமாக இயங்கும், அது குறையல்ல என்று சொல்லும் 'நரம்பியல் பன்மை' என்ற சொல் என் காதுக்கு வந்தது பல வருடம் கழித்து. இப்போதெல்லாம் என் அறைக்கு வருபவர் நாற்காலியில் ஆடினால் நிறுத்தச் சொல்வதில்லை. எப்படி இருந்தால் வேலை ஓடுகிறது என்று கேட்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அந்தத் தட்டு ஞாபகம் வரும்.

அன்று வெளியே வந்ததும், அவள் மூடியைக் கேட்டுக் கை நீட்டினாள். வாங்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சுற்று உருட்டினாள்.

"இதுல பிசிர் இருக்குது மேடம். இத்தன வருசமா வலிக்கலயா?"

"வலிக்கும்," என்றேன். அதுவரை யாரிடமும் அதைச் சொன்னதில்லை.