கட்டை ஓடாத தட்டு

லூடோ ஆடுவதற்குத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுத் தரையைப் போல மோசமான இடம் உலகத்தில் கிடையாது. மலைச்சரிவில் கட்டிய வீடு. சிமெந்துத் தரையும் வாசல் பக்கமாகச் சரிந்தே கிடக்கும். தாயக்கட்டையைப் போட்டால் நிற்காது. கட்டிலுக்கடியில் போகும், இல்லையென்றால் வாசலைத் தாண்டி அழுக்குத்தண்ணி ஓடும் கானுக்குள் விழும். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள் சாயங்காலம் அதன் பின்னால் தவழ வேண்டும். என்ன பிழைப்போ!

ஆசைப்பட்டு ஆடவில்லை. என் வீட்டுக்காரருக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. எதையாவது பிடித்து வீசிப் பழகினால் கை திரும்பும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். திரும்பினால்தான் அவர் பழையபடி தேயிலை ஃபெக்டரிக்கு வேலைக்குப் போக முடியும். கொட்டகலைக் கடையில் ஒரு லூடோ வாங்கிவந்தேன். கட்டையை அவருடைய வலது உள்ளங்கையில் வைப்பேன், அவர் போடுவார். அது தடதடவென்று ஓடும்.

"பாத்தியா, என்னா வீச்சு!" என்பார்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இடுப்பு கேட்க வேண்டுமே.

கம்பளியை விரித்தேன். கட்டை மடிப்பில் சாய்ந்து நின்றது. அது மூன்றா ஐந்தா என்று எங்களுக்குள் சண்டை. சுளகில் போட்டால் மூங்கில் வரியில் மாட்டிக்கொண்டது. பிஸ்கட் டின் மூடியில் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக் கைப்பிள்ளை முழித்துக் கத்தியது.

"அக்கா, இப்பதாங்க்கா தூங்க வச்சேன்!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தாய்க்காரியின் குரல் வந்தது.

கடைசியில் தேத்தண்ணிக் கோப்பைகளை வைத்துக் கொடுக்கும் தட்டு ஒன்றை எடுத்தேன். கொழுந்து பறிக்கும்போது நனையாமல் இடுப்பில் கட்டும் படங்கு ஒன்று கிழிந்து கிடந்தது. அதை வெட்டித் தட்டுக்குள் ஒட்டினேன். ஒரு பக்கம் விறகுத் துண்டை முட்டுக்கொடுத்து மட்டமாக்கினேன். போட்டுப் பார்த்தேன். கட்டை உருண்டு போய் அழகாக நின்றது. அப்பாடா, இனிக் குனிய வேண்டாம்.

அவர் கையில் வைத்தேன். தட்டுக்கு மேலே கொண்டுவந்து போட்டார். பொத்தென்று விழுந்து, விழுந்த இடத்திலேயே கிடந்தது. மறுபடி வைத்தேன். மறுபடியும் அப்படியே. இந்தத் தடவை கையைப் பார்த்தேன். விரல் விரியவேயில்லை. கட்டை விரலிடுக்கில் நழுவித்தான் விழுகிறது.

இத்தனை நாளும் கட்டையை ஓட்டியது தரை. நானோ அதைத் துரத்திக்கொண்டு போனேனே தவிர, கையைப் பார்க்கவில்லை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.

அவருக்கும் புரிந்துவிட்டது. கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தரையிலயே போடுவோங்க," என்றேன். "இந்தத் தட்டு சரியில்ல."

"தட்டு நல்லாத்தான் இருக்கு புள்ள. நீ போடு."

ஆறு விழுந்தால்தான் காய் வெளியே வரும்; இந்த நேரம் பார்த்து எனக்கு ஆறு விழுந்துவிடக் கூடாது சாமி என்று வேண்டிக்கொண்டே போட்டேன். உருண்டு போய் ஆறில் நின்றது.

"கெட்டிக்காரி," என்று சொல்லி, என் காயை இடது கையால் எடுத்து அவரே வெளியே வைத்தார்.